ஒரு கட்டம், நடுவில் ஒரு கோடு: 'நாள்' என்ற கான்ஜியை எப்படிப் படிப்பது?

ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பித்தவர்கள் ஹிரகானாவையும் கத்தகானாவையும் ஓரளவு சீக்கிரமே முடித்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றிலும் 46 அடிப்படை எழுத்துகள், எழுத்துக்கு ஓர் ஒலி, நம் எழுத்தைப் போலவே கண்ணில் பட்டதை வாய்விட்டுப் படித்துவிடலாம். அப்புறம் கான்ஜி வரும், அதாவது சீனாவிலிருந்து வாங்கிய, பொருளைக் குறிக்கிற எழுத்துகள். பாடப்புத்தகத்தில் ஒரே எழுத்துக்குப் பக்கத்தில் நாலைந்து உச்சரிப்புகள் போட்டிருக்கும், இதில் எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்று தெரியாமல் பலர் அந்தப் பட்டியலையே மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பட்டியலாகப் படித்த உச்சரிப்பு சொல்லோடு ஒட்டாது, ஒரு வாரத்தில் காணாமல் போய்விடும். ஒரே ஒரு கான்ஜியை எடுத்துக்கொண்டு அதன் பொருள் என்ன, எத்தனை விதமாகப் படிக்கிறார்கள், ஏன் அப்படி, எந்த இடத்தில் எது வரும் என்று முழுசாகப் பார்த்துவிட்டால் மற்றவற்றை எப்படி அணுகுவது என்று தானாகவே பிடிபடும்.

நான் எடுத்துக்கொள்வது சூரியனையும் நாளையும் குறிக்கும் கான்ஜி. ஜப்பானில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் 80 கான்ஜிகளில் இதுவும் ஒன்று. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று 2010இல் அரசு திருத்தி வெளியிட்ட பட்டியலில் மொத்தம் 2,136 கான்ஜிகள் இருக்கின்றன. நாளிதழ், நாட்காட்டி, ரயில் கால அட்டவணை எதைத் திறந்தாலும் அவற்றில் இந்த ஒன்று கண்ணில் படாமல் போகாது.

முதலில் உருவம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து நிற்கிற ஒரு செவ்வகம், நடுவில் படுக்கையாக ஒரு கோடு, அவ்வளவுதான். இதை நான்கு கோடுகளாக எழுத வேண்டும். இடப்பக்கம் மேலிருந்து கீழே முதல் கோடு. இரண்டாவது, மேல்விளிம்பில் இடமிருந்து வலமாகப் போய், மூலையில் பேனாவை எடுக்காமல் மடங்கி அப்படியே கீழே இறங்கும். மூன்றாவது நடுக்கோடு. கடைசியாக அடியை மூடுகிற கோடு. வெளிக்கட்டத்தை முழுதாக மூடிவிட்டு நடுக்கோட்டை உள்ளே போடக்கூடாது; உள்ளே இருப்பது முடிந்தபிறகே கதவை அடைக்க வேண்டும், இந்த ஒழுங்கு பிற கட்ட வடிவ எழுத்துகளுக்கும் அப்படியே பொருந்தும். நடுவில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு கோடு போட்டால் அது 'கண்' ஆகிவிடும். மேலே இடப்பக்கமாக ஒரு சிறு கோடு சாய்ந்து நின்றால் 'வெள்ளை'. ஆகவே கோட்டை எண்ணிப் பார்க்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

இது சூரியனின் படம். 3,000 ஆண்டுகளுக்கு முன் சீனாவில் ஆமை ஓட்டிலும் மாட்டெலும்பிலும் குறி கேட்டுக் கீறி வைத்த எழுத்துகளிலேயே இது இருக்கிறது. அங்கே இது ஒரு வட்டம் போன்ற உருவம், நடுவில் ஒரு புள்ளி அல்லது சிறு கோடு. வளைவுகள் காலப்போக்கில் நேர்கோடுகளாகி, வட்டம் கட்டமானது, புள்ளி நடுக்கோடானது.

பொருளுக்கு வருவோம். சூரியன் என்பது முதல் பொருள். சூரியன் ஒருமுறை வந்துபோனால் ஒரு நாள், அதனால் 'நாள்', அதிலிருந்து 'தேதி'. நான்காவதாக 'ஜப்பான்' என்றும் ஒரு பொருள் உண்டு, நாட்டின் பெயரில் இது முதல் எழுத்து என்பதால் நாளிதழ்த் தலைப்புகளில் இந்த ஓர் எழுத்தை மட்டும் போட்டே ஜப்பானைக் குறித்துவிடுவார்கள். இந்தியாவுக்கான எழுத்தை அடுத்துப் போட்டு 'நிச்சி-இன்' என்று எழுதினால் 'ஜப்பான்-இந்தியா' என்று அர்த்தம். இந்த நான்கையும் தனித்தனியாக நினைவு வைக்கத் தேவையில்லை, சூரியனைப் பிடித்துக்கொண்டால் மற்றவை பின்னாலேயே வரும்.

இனி உச்சரிப்பு. எல்லோரும் தடுமாறுகிற இடம் இதுதான், ஆனால் அடிப்படை நமக்குத் தெரிந்த விஷயம்தான். '2 பேர்' என்று எழுதியிருந்தால் இரண்டு பேர் என்று படிக்கிறோம். '2 வீலர்' என்று எழுதியிருந்தால் டூ வீலர் என்று படிக்கிறோம். யாரும் நமக்கு விதி சொல்லித்தரவில்லை, 2 என்ற குறி பொருளைத்தான் சுமக்கிறது, பக்கத்தில் இருக்கும் சொல் எந்த மொழியிலிருந்து வந்ததோ அதற்கேற்ப வாய் தானாக மாறிக்கொள்கிறது. கான்ஜியும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஜப்பானியர்களுக்குச் சொந்த மொழி இருந்தது, எழுத்து இருக்கவில்லை. சீனாவிலிருந்து எழுத்தை வாங்கியபோது அதன் சீன ஒலியையும் கூடவே வாங்கினார்கள். அதே எழுத்தைக் காட்டித் தங்கள் சொந்தச் சொல்லையும் சொன்னார்கள். சீனத்திலிருந்து வந்த ஒலிக்கு ஒன்யோமி என்று பெயர், சொந்தச் சொல்லுக்குக் குன்யோமி. அகராதிகளிலும் பாடப்புத்தகங்களிலும் பெரும்பாலும் ஒன்யோமியைக் கத்தகானாவிலும் குன்யோமியை ஹிரகானாவிலும் போடுவார்கள், அதனால் பார்த்தவுடனே எது எது என்று தெரிந்துவிடும்.

நம் கான்ஜிக்கு அரசுப் பட்டியல் தருகிற உச்சரிப்புகள் நான்கு. ஒன்யோமி இரண்டு: நிச்சி, ஜித்ஸு. குன்யோமி இரண்டு: ஹி, கா. தமிழில் எழுதும்போது ச இரட்டித்தால்தான் சரியான ஒலி வரும் என்பதால் 'நிச்சி' என்று எழுதுகிறேன், அவர்கள் அதை அழுத்தாமல் லேசாகத்தான் சொல்வார்கள். 'கா'வை மட்டும் எங்கே வந்தாலும் 'பக்கா'வில் வருவது போல வல்லோசையாகச் சொல்லுங்கள்.

சரி, ஒன்யோமி ஏன் இரண்டு? ஏனென்றால் ஒலி ஒரே தடவையில் வரவில்லை. ஏறக்குறைய 5, 6ஆம் நூற்றாண்டுகளில், பௌத்தம் ஜப்பானுக்கு வந்து சேர்ந்த காலத்தையொட்டி, யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் வழங்கிய உச்சரிப்பு ஒரு சுற்று வந்தது. பிறகு 7 முதல் 9ஆம் நூற்றாண்டு வரை தாங் பேரரசின் தலைநகரான சாங்-ஆனுக்குத் தூதர்களும் துறவிகளும் போய்ப் படித்துவிட்டு அந்த ஊர் உச்சரிப்பைக் கொண்டுவந்தார்கள். முதல் சுற்று தந்தது நிச்சி, இரண்டாவது தந்தது ஜித்ஸு. புதியது வந்ததும் பழையதைத் தூக்கிப் போட்டிருக்கலாம், போடவில்லை. ஏற்கெனவே ஊறிப்போன சொற்களில் பழையது தங்கிவிட்டது. பழைய சீனத்தில் இந்தச் சொல்லின் ஒலி 'ஞித்' என்பதற்கு நெருக்கமாக இருந்திருக்கும் என்பது மொழியியலாளர்களின் கணிப்பு. நம்முடைய ஞ-வை வைத்து யோசித்தால் கதை தெளிவாகிவிடுகிறது. தெற்கிலிருந்து வந்தபோது ஞ ஒலி மூக்கொலியாகவே நின்று நி ஆனது. வடக்கே தலைநகரில் அதற்குள் மூக்கொலி தேய்ந்துபோயிருந்ததால் அங்கிருந்து ஜி வந்தது. கடைசியில் இருக்கிற 'த்' மெய்யில் ஒரு ஜப்பானியச் சொல்லை முடிக்க முடியாது, அதனால் ஓர் உயிரொலியை ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் 'ச்சி' என்றும் இன்னொரு பக்கம் 'த்ஸு' என்றும் முடிந்தது. வியட்நாமிய மொழியில் இதே சொல் இன்றும் 'ஞத்' என்றுதான் ஒலிக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டால்தான் ஜப்பானிய மொழி வரும் என்றில்லை. ஆனால் நிச்சியும் ஜித்ஸுவும் யாரோ வேண்டுமென்றே போட்ட குழப்பம் இல்லை, ஒரே சொல் இருவேறு காலத்தில் கரை ஏறியது என்று தெரிந்தால் மனசு அதோடு சண்டை போடுவதை நிறுத்திவிடும், படிப்பதற்கு அது பெரிய உதவி.

எந்த இடத்தில் எது? பொதுவான வழி இது: கான்ஜி தனியாக நின்றாலோ பக்கத்தில் ஹிரகானா இருந்தாலோ குன்யோமி, கான்ஜிகள் சேர்ந்து ஒரு சொல்லானால் ஒன்யோமி. 'ஹி' தனியாக வந்தால் நாள் அல்லது சூரியன். 'ஹி நோ தே' என்றால் சூரிய உதயம். கூட்டுச்சொல்லில் 'மைனிச்சி' (தினமும்), 'ஹேஜித்ஸு' (வேலைநாள்). இந்த வழி பெரும்பாலும் கைகொடுக்கும், முழுக்க நம்ப முடியாது. 'அஸாஹி' (காலைச் சூரியன்) இரண்டு கான்ஜி சேர்ந்த சொல்தான், இரண்டுமே குன்யோமி.

நிச்சியா ஜித்ஸுவா என்பதற்கு விதி கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், எழுத்து சொல்லின் தலையில் வந்தால் ஏறக்குறைய எப்போதும் நிச்சிதான். அதுவும் அடுத்த ஒலியோடு மோதிச் சுருங்கும்: நிச்சியும் கோவும் சேர்ந்தால் 'நிக்கோ', சூரிய ஒளி, தோஷோகூ ஆலயம் இருக்கிற நிக்கோ நகரத்தின் பெயரும் இதுவே. நாட்குறிப்பு 'நிக்கி', சூரிய கிரகணம் 'நிஷ்ஷொகு'. ஜித்ஸு பெரும்பாலும் வாலில் வருகிறது: க்யூஜித்ஸு (விடுமுறை நாள்), ஷுகுஜித்ஸு (தேசிய விடுமுறை), ஹொன்ஜித்ஸு (இன்று என்பதை மரியாதையாகச் சொல்வது). ரயில் நிலைய அட்டவணையில் ஹேஜித்ஸு ஒரு பக்கம், க்யூஜித்ஸு ஒரு பக்கம் என்று இரண்டு பிரிவுகள் இருக்கும், இந்த இரண்டு சொல் தெரிந்தாலே சரியான பக்கத்தில் நேரம் பார்க்கலாம்.

இப்போது ஒரு கடை வாசலில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கதவில் ஓர் அறிவிப்பு. அதில் கடைசி இரண்டு எழுத்துகள் 'ஓய்வு', 'நாள்'. க்யூஜித்ஸு என்று படிக்கத் தோன்றும். ஆனால் முன்னால் 'நிலையான' என்ற இன்னோர் எழுத்து இருக்கிறது, மூன்றும் சேர்ந்தால் வாரந்தோறும் கடை மூடுகிற நாள் என்று பொருள், அதைத் 'தேக்யூபி' என்று படிக்க வேண்டும். ஓர் எழுத்து முன்னால் வந்து உட்கார்ந்ததும் ஜித்ஸு போய் 'பி' வந்துவிட்டது. இந்தப் 'பி' புது உச்சரிப்பு இல்லை, ஹி-தான். முன்னால் ஒரு சொல் ஒட்டும்போது சில ஒலிகள் மெலிந்துபோகும், ஹி அப்படி மெலிந்தால் 'அன்பில்' என்ற சொல்லில் வருகிற பி ஆகும். பிறந்தநாள் 'தன்ஜோபி'யும் இப்படித்தான். ஏற்கெனவே முழுச்சொல்லாக இருக்கிற ஒன்றின் பின்னால் 'நாள்' என்று சேர்க்கும்போது இந்த பி அடிக்கடி வரும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு 'நிச்சியோபி'. இதை எழுதிப் பாருங்கள், மூன்று கான்ஜி, முதலாவதும் மூன்றாவதும் நம் எழுத்தேதான், முதலில் நிச்சி, கடைசியில் பி. ஒரே சொல்லுக்குள் ஒரே எழுத்து இரண்டு விதம். 2023இல் ஜனவரி 1 ஞாயிற்றுக்கிழமை வந்தது. 'புத்தாண்டு நாள் ஞாயிற்றுக்கிழமை' என்று ஜப்பானிய மொழியில் சொன்னால் 'கன்ஜித்ஸு வ நிச்சியோபி', அந்தச் சின்ன வாக்கியத்தில் இந்த எழுத்து மூன்று முறை வந்து மூன்று விதமாக ஒலிக்கிறது.

கிழமை என்று வந்ததால் சொல்கிறேன், தமிழருக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. ஜப்பானியக் கிழமைகளும் கோள்களின் பெயரில், நம்முடைய அதே வரிசையில் வருகின்றன: ஞாயிறு, நிலா, செவ்வாய், புதன் என்று. சீனாவிலிருந்து 806இல் திரும்பிய கூகாய் என்ற துறவி கொண்டுவந்த சோதிட நூலிலேயே இந்த ஏழு நாள் வரிசை இருந்தது. ஞாயிறு விடுமுறை என்ற வழக்கம் அரசு அலுவலகங்களுக்கு 1876இல்தான் வந்தது. ஞாயிறு என்றால் சூரியனும் அந்தக் கிழமையும் என்று பழகிய நமக்கு நிச்சியோபியை விளக்கவே வேண்டியதில்லை.

அடுத்தது தேதி, இங்கே 'கா' வருகிறது. மாதத்தின் 2 முதல் 10 வரை பழைய ஜப்பானிய எண்ணோடு கா: ஃபுத்ஸுகா, மிக்கா, யொக்கா, இத்ஸுகா, முயிகா, நனொகா, யோகா, கொகொனொகா, தோகா. அப்புறம் 11இலிருந்து ஜூயிச்சினிச்சி என்று நிச்சிக்கு மாறிவிடும், 14, 24 இரண்டும் யொக்கா என்றே முடியும், 20 மட்டும் ஹத்ஸுகா என்று தனி வழி. நான்காம் தேதி யொக்காவுக்கும் எட்டாம் தேதி யோகாவுக்கும் காது நன்றாகப் பழக வேண்டும். முன்னதில் யொ குறில், கா-வுக்கு முன் ஒரு நொடி நின்று அழுத்தம், பின்னதில் யோ நெடில், அழுத்தம் இல்லை. டிக்கெட் முன்பதிவு செய்யும்போது இது மாறினால் நாலு நாள் மாறிவிடும்.

முதல் தேதி இந்த வரிசையிலேயே இல்லை. 'ஒன்று', 'நாள்' என்ற இரண்டு எழுத்தைப் போட்டுவிட்டு 'த்ஸுயிதாச்சி' என்கிறார்கள். நிலவு எழுவது, அதாவது மாதம் பிறப்பது என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது, எழுத்துக்கும் ஒலிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அதே இரண்டு எழுத்துகள் 'ஒரு நாள் முழுக்க' என்ற பொருளில் வந்தால் 'இச்சினிச்சி'. வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்படிச் சொல் முழுதுக்கும் சேர்த்து ஓர் உச்சரிப்பைப் போர்த்துவதை ஜுகுஜிகுன் என்பார்கள், 'இன்று' அதற்கு நல்ல உதாரணம். 'இப்போது', 'நாள்' என்று இரண்டு கான்ஜி, படிப்பதோ 'க்யோ'. இதில் எந்தப் பகுதி எந்த எழுத்துக்கு என்று பிரிக்க முயன்றால் முடியாது, சொல்லாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அதே இரண்டு எழுத்தை ஒன்யோமியில் படித்தால் 'கொன்னிச்சி', இக்காலம் என்று பொருள். ஜப்பானிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாதவர்களுக்கும் தெரிந்த 'கொன்னிச்சிவா' என்ற வணக்கம் இதிலிருந்துதான் வந்தது, 'இன்றைக்கு...' என்று தொடங்கி, மீதியைச் சொல்லாமல் விட்ட வாக்கியம். 'நாளை'க்கு மூன்று உச்சரிப்புகள் இருக்கின்றன: பேச்சில் அஷிதா, கொஞ்சம் முறையாக அஸு, மிக மரியாதையான இடத்தில் ம்யோனிச்சி. மூன்றையும் கான்ஜியில் எழுதுவது ஒரே மாதிரிதான்.

நாட்டின் பெயரே இந்த எழுத்தில்தான் தொடங்குகிறது, சூரியனும் தோற்றுவாயும் சேர்ந்தால் ஜப்பான். நிப்பொன் என்றும் படிக்கலாம், நிஹொன் என்றும் படிக்கலாம். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு, இரண்டுமே பரவலாக வழங்குவதால் ஒன்றாக்கத் தேவையில்லை என்று 2009இல் அரசு பதில் சொன்னது. ரூபாய் நோட்டு போல அவர்களுடைய யென் நோட்டில் நிப்பொன் என்று அச்சிட்டிருக்கிறார்கள், பேச்சில் நிஹொன்தான் அதிகம் கேட்கும். 'ஜப்பான் பாலம்' என்று பொருள்படும் ஊர்ப்பெயர் தோக்கியோவிலும் இருக்கிறது, ஒசாகாவிலும் இருக்கிறது, மூன்று கான்ஜியும் ஒன்றே. தோக்கியோவில் நிஹொன்பாஷி, ஒசாகாவில் நிப்பொன்பாஷி. பெயர்களில் இப்படி நிறைய நடக்கும். நாரா நகரத்தின் புகழ்பெற்ற ஆலயத்தின் பெயரில் 'வசந்தம்', 'நாள்' என்ற இரண்டு எழுத்துகள் இருக்கின்றன, படிப்பது 'கஸுகா'. ஆட்பெயரையும் ஊர்ப்பெயரையும் ஜப்பானியர்களே கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள், அதனால் அங்கே தடுமாறினால் கவலைப்படாதீர்கள்.

இந்த எழுத்து பிற கான்ஜிகளுக்குள் ஓர் உறுப்பாகவும் போய் உட்காரும். அப்படி இருந்தால் பெரும்பாலும் வெளிச்சம், நேரம், வானிலை சம்பந்தப்பட்ட பொருள். பக்கத்தில் நிலா வந்தால் 'வெளிச்சம்'. பக்கத்தில் 'நீலம்' வந்தால் 'வானம் தெளிவது', அதன் ஒன்யோமி 'செய்'. நீலத்தின் ஒன்யோமியும் அதே செய், நீலத்தோடு நீர் சேர்ந்த 'தூய்மை' என்ற கான்ஜிக்கும் செய். ஒரு பாதி பொருளைச் சொல்லும், மறுபாதி ஒலியைச் சொல்லும். கான்ஜிகளில் பெரும்பகுதி இந்த அமைப்பில் உருவானவையே, அதனால் நூறு எழுத்து தாண்டியபிறகு புதிய எழுத்தின் ஒன்யோமியை ஓரளவு ஊகிக்கவும் வரும்.

இனி எப்படிப் படிப்பது? நோட்டில் எழுத்தைப் பெரிதாக எழுதி, கீழே பொருளை எழுதுங்கள். உச்சரிப்பைத் தனியாக எழுதாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லை எழுதுங்கள், அந்தச் சொல்லுக்கு ஒரு குட்டி வாக்கியம். நிச்சிக்கு மைனிச்சி, ஜித்ஸுவுக்கு க்யூஜித்ஸு, ஹிக்கு ஹி நோ தே, மெலிந்த பிக்குத் தன்ஜோபி, காவுக்கு மிக்கா, தனி வழியில் போகிற க்யோ ஒன்று. ஆறு சொற்கள் போதும், மீதி படிக்கப் படிக்க வந்து சேரும். ஆரம்பத்தில் கான்ஜியின் தலைமேல் ஹிரகானாவில் உச்சரிப்பு போட்ட நூல்களாகப் பார்த்து வாங்குங்கள், அந்தச் சின்ன எழுத்துக்கு ஃபுரிகானா என்று பெயர், குழந்தைகள் நூல்களில் அது கட்டாயம் இருக்கும். படிக்கும்போது முதலில் அதைக் கையால் மறைத்து ஊகித்துவிட்டு அப்புறம் பாருங்கள்.

இது முடிந்ததும் நிலாவுக்கான கான்ஜியை எடுங்கள். நம் 'திங்கள்' போலவே நிலா, மாதம், திங்கட்கிழமை மூன்றுக்கும் வரும். அதற்கும் நான்கு கோடுதான், ஒன்யோமியும் கெத்ஸு, கத்ஸு என்று இரண்டு, குன்யோமி த்ஸுகி. திங்கட்கிழமை 'கெத்ஸுயோபி', ஜனவரி 'இச்சிகத்ஸு'. ஒன்றில் கெ, இன்னொன்றில் க, இரண்டில் எது முதல் சுற்றில் வந்தது என்று அகராதியில் தேடிப் பாருங்கள்.